கேஸ் முடியும்வரை படிப்பு காத்திருக்க வேண்டுமா? பிரித்தானியாவில் தஞ்சம் கோருவோர் பல்கலைக்கழகம் சேரும் வழி

அசைலம் (தஞ்சம்) கேட்டுவிட்டு, பிரித்தானிய உள்துறை அமைச்சான ஹோம் ஆபிஸின் பதிலுக்குக் காத்திருக்கும் ஒருவர் பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா? இந்தக் கேள்விக்கு நம்மவர்களில் பலர் சொல்லும் பதில், "முதலில் விசா வரட்டும், படிப்பைப் பிறகு பார்க்கலாம்" என்பதுதான். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் தவறான பதில் இது. தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது படிப்பதற்குப் பிரித்தானியாவில் பொதுவான தடை எதுவும் கிடையாது. வழியை மறிப்பது பணம். பணத்துக்கு அடுத்தபடியாக மறிப்பது, எந்த மாதத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லாதது. முதலாவதைத் தனியொருவர் மாற்றிவிட முடியாது. இரண்டாவதை ஒரு மாமாவோ, ஒரு தன்னார்வலரோ, ஒரு பள்ளி ஆசிரியரோ மாற்றலாம். அவர்களுக்காகவும், படிக்க ஆசைப்படுபவருக்காகவும்தான் இந்த விளக்கம்.

உலகம் முழுவதும் அகதிகளில் உயர்கல்விக்குப் போய்ச் சேருபவர்கள் எவ்வளவு பேர் தெரியுமா? ஐ.நா. அகதிகள் முகமையின் கணக்குப்படி 2023-ல் சுமார் 7 சதவீதம். இதை 2030-க்குள் 15 சதவீதமாக்க வேண்டும் என்பது அந்த முகமை வைத்திருக்கும் இலக்கு. அகதி என்று ஏற்கப்பட்டவர்களுக்கே நிலைமை இது என்றால், இன்னும் ஏற்கப்படாமல் காத்திருப்பவர்களின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் கல்விக் கட்டண விதிகள் தனித்தனி. தொகைகள் 2025-26 கல்வியாண்டுக்கானவை. 2025 நவம்பரில் அரசு தஞ்ச முறையில் பெரிய மாற்றங்களை அறிவித்திருப்பதால், எந்தத் தகவலைப் படித்தாலும் அது எப்போது எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் என்ன தாள் இருக்கிறது?

உதவத் தொடங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். "அகதி" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கல்விக் கட்டணத்தைப் பொறுத்தவரை இதில் குறைந்தது மூன்று நிலைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் வழி வேறு.

அகதி நிலை கிடைத்துவிட்டவருக்குச் சிக்கல் குறைவு. உள்ளூர் மாணவருக்குரிய கட்டணம்தான் அவருக்கும். அரசின் மாணவர் கடனுக்கும் அவர் விண்ணப்பிக்கலாம். மூன்று ஆண்டு இந்நாட்டில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு இருக்கும் நிபந்தனை அவருக்குக் கிடையாது. இது தெரியாமல், "மூன்று வருடம் போகட்டும்" என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரையறுக்கப்பட்ட காலத்துக்கு மட்டும் தங்க அனுமதி பெற்றவர் இரண்டாவது வகை. ஆறு வயதில் ஸாம்பியாவிலிருந்து வந்து, இங்கேயே படித்து வளர்ந்த பியூரிஷ் டிகெரே என்ற மாணவி, தனக்கு மாணவர் கடன் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015 ஜூலையில், நிரந்தர வதிவிட உரிமை இல்லை என்ற ஒரே காரணத்தைக் காட்டி எல்லோரையும் ஒட்டுமொத்தமாக ஒதுக்குவது சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பு வந்தது. அதன் பிறகு வந்ததுதான், இந்த வகையினர் மாணவர் கடன் கேட்க வழி செய்யும் நீண்டகால வதிவிட விதி. 18 வயதுக்குக் கீழ் இருந்தால் இங்கே 7 ஆண்டு வாழ்ந்திருக்க வேண்டும். 18 அல்லது அதற்கு மேல் என்றால் வாழ்நாளில் பாதியையோ 20 ஆண்டையோ இங்கே கழித்திருக்க வேண்டும். இரண்டு பிரிவினருக்குமே படிப்பு தொடங்குவதற்கு முந்தைய மூன்று ஆண்டும் சட்டபூர்வமான அனுமதியோடு இருந்திருக்க வேண்டும். அனுமதியைப் புதுப்பிக்கத் தாமதமாகி நடுவில் சில வாரம் விடுபட்டிருந்தால், இந்த மூன்று ஆண்டுக் கணக்கே உடைந்துபோகலாம். பழைய கடிதங்களை எடுத்துத் தேதிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது நிலையில் இருப்பவர் இன்னும் பதில் வராதவர், அதாவது தஞ்சம் கோருபவர். இந்தக் கட்டுரை முக்கியமாக அவரைப் பற்றியது.

பணம் எங்கே இடிக்கிறது

தஞ்சம் கோருபவரை இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக வெளிநாட்டு மாணவராகவே கணக்கில் எடுக்கின்றன. உள்ளூர் மாணவரிடம் இளநிலைப் பட்டத்துக்கு ஆண்டுக்கு அதிகபட்சமாக 9,535 பவுண்ட்ஸ் வாங்கலாம். வெளிநாட்டு மாணவருக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. 15,000 என்று இருக்கும் படிப்பும் உண்டு, 30,000-ஐத் தாண்டும் படிப்பும் உண்டு. மாணவர் கடனும் அவருக்குக் கிடையாது.

வேலை செய்து கட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கோரிக்கை 12 மாதத்துக்கு மேல் முடிவாகாமல் கிடந்து, அந்தத் தாமதம் அவரால் ஏற்பட்டது அல்ல என்றால் மட்டுமே வேலை அனுமதி கேட்கலாம். அனுமதி கிடைத்தாலும் குறிப்பிட்ட சில வேலைகளுக்குத்தான். அதுவரை ஹோம் ஆபிஸ் தரும் "பிரிவு 95" என்ற வாழ்க்கைச் செலவு உதவியாக, தானே சமைத்துச் சாப்பிடும் இடத்தில் இருப்பவருக்கு வாரம் 49.18 பவுண்ட்ஸ். சாப்பாடு தரும் ஹோட்டலில் வைத்திருந்தால் வாரத்துக்குப் பத்துப் பவுண்ட்ஸ்கூட இல்லை. 49.18-ஐ ஒரு பென்னிகூடச் செலவழிக்காமல் வருடம் முழுக்கச் சேர்த்தாலும் 2,557 பவுண்ட்ஸ்தான் வரும். உள்ளூர்க் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

சிறு வயதில் பெற்றோருடன் வந்த பிள்ளைகளுக்கு இந்த உண்மை தெரியவரும் நேரம் மிகக் கொடுமையானது. பள்ளிப் படிப்பு இலவசம். 16 முதல் 18 வரையான கல்லூரிப் படிப்புக்கும் அரசுப் பணம் உண்டு. அதனால் கூடப் படிப்பவர்களுக்கும் தனக்கும் வேறுபாடு எதுவும் இல்லை என்றே அந்தப் பிள்ளை நினைத்திருக்கும். ஏ லெவல் எனும் பள்ளி இறுதிப் படிப்பின் கடைசி ஆண்டில், கட்டண நிலையைக் கேட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படிவம் வரும்போதுதான் விஷயம் வெளியே வரும். அப்போது உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் காலம் பாதி கடந்திருக்கும். ஆகவே வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், 16 வயதிலேயே இதை வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது. பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். ஒரு வருட அவகாசத்தைப் பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள்.

தடை இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி

பொதுவான தடை இல்லை என்றோம். தனியொருவருக்குத் தடை விதிக்க ஹோம் ஆபிஸுக்கு அதிகாரம் உண்டு. ஒருவரைத் தடுப்பில் வைக்காமல் நிபந்தனைகளோடு வெளியே இருக்க விடுவதே குடிவரவுப் பிணை. 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் விதிகளின்படி, பிணை நிபந்தனைகளில் ஒன்றாகப் படிக்கக் கூடாது என்றும் எழுதலாம். அது "பெயில் 201" என்ற தாளில் இருக்கும். எந்த அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சைன் வைக்க வேண்டும், எந்த முகவரியில் இருக்க வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கும் அதே தாள்தான். விதி வந்த புதிதில் இந்தத் தடை கண்டபடி விதிக்கப்பட்டு எதிர்ப்புக் கிளம்பியது. அதே ஆண்டில் ஹோம் ஆபிஸ் தன் வழிகாட்டியைத் திருத்தியது. கோரிக்கையோ மேல்முறையீடோ நிலுவையில் இருப்பவருக்கு இப்போது வழக்கமாக இந்தத் தடை வராது. எல்லா மேல்முறையீடும் முடிந்து போனவருக்கு வரலாம்.

வழக்கமாக வராது என்பதை நம்பித் தாளைப் பார்க்காமல் விடாதீர்கள். தடை எழுதியிருந்தால் அதை நீக்கக் கேட்பது லோயரின் வேலை. இங்கே உதவி செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கேஸ் பற்றிய குடிவரவு ஆலோசனையைத் தகுதியும் பதிவும் இல்லாதவர்கள் சொல்வது இந்நாட்டில் குற்றம். 2025 ஜனவரி முதல் இதைக் கண்காணிக்கும் அமைப்பு குடிவரவு ஆலோசனை ஆணையம் என்ற புதிய பெயரில் இயங்குகிறது. விண்ணப்பம் நிரப்ப உதவலாம், கட்டுரை திருத்தலாம், கூடப் போகலாம். "இப்படிச் சொன்னால் கேஸ் வெல்லும்" என்ற பேச்சுக்குள் போகவே கூடாது.

சரணாலய உதவித்தொகை

தஞ்சம் தேடி வந்தவர்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் தரும் உதவித்தொகை இது. கட்டணச் சுவரில் இருக்கும் கதவு இதுதான். கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்களும் தொண்டு அமைப்புகளும் பல்கலைக்கழகங்களை ஒவ்வொன்றாக வற்புறுத்தி உருவாக்கிய ஏற்பாடு இது. கல்வி ஒவ்வொருவரின் உரிமை என்று 1948-ன் மனித உரிமைப் பிரகடனம் சொல்லும் பிரிவின் எண்ணையே பெயராகக் கொண்ட "ஆர்ட்டிகல் 26" திட்டம் இதில் முன்னோடி. 1994-ல் நாட்டிங்ஹாம் மாணவர்கள் தொடங்கிய "ஸ்டார்" என்ற மாணவர் அமைப்பு, தஞ்சம் கோருவோருக்குச் சமமான வாய்ப்புக் கேட்டு நீண்டகாலமாகப் போராடுகிறது. 2005-ல் ஷெஃபீல்டில் தொடங்கிய "சிட்டி ஆஃப் சாங்க்சுவரி" இயக்கத்திலிருந்து கிளைத்ததே "யூனிவர்சிட்டி ஆஃப் சாங்க்சுவரி" என்ற அங்கீகாரம். இப்போது முப்பதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அதைப் பெற்றிருக்கின்றன. அங்கீகாரம் இல்லாத இடங்களிலும் உதவித்தொகை இருக்கலாம். அகதி மாணவர்களுக்கு உதவும் "ரெஃப்யூஜி எஜுகேஷன் யூகே" அமைப்பின் தளத்தில் தேடத் தொடங்குவது நல்லது.

ஒவ்வொரு உதவித்தொகையின் விவரத்தையும் படிக்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, கட்டணத்தில் எவ்வளவு போகிறது. முழுக் கட்டணமும் தள்ளுபடியா, அல்லது உள்ளூர்க் கட்டணத்துக்கு இறக்குகிறார்களா? இரண்டாவது வகையைப் பார்த்துப் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். "உங்களை உள்ளூர் மாணவராகவே நடத்துகிறோம்" என்பது கேட்க இனிமையாக இருக்கும். கடன் கிடைக்காத ஒருவருக்கு அது வருடம் 9,535 பவுண்ட்ஸ் ரொக்கமாகக் கட்டு என்பதுதான்.

இரண்டாவது, வாழ்க்கைச் செலவுக்கு என்ன தருகிறார்கள், எந்த வடிவத்தில் தருகிறார்கள். இதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

மூன்றாவது, யாருக்கு உண்டு. சில உதவித்தொகைகள் தஞ்சம் கோருபவருக்கு மட்டும், சில அகதி நிலை பெற்றவருக்கும் சேர்த்து. மருத்துவம், பல் மருத்துவம் போன்ற படிப்புகளைப் பல இடங்களில் சேர்ப்பதில்லை. முதுநிலைக்கு மட்டும் தரும் இடங்களும் உண்டு. ஊரில் பட்டம் முடித்தவர் இங்கே மறுபடி இளநிலையில் தொடங்காமல், ஓராண்டு முதுநிலைக்கு முயல்வது பெரும்பாலும் நல்லது. இலங்கையில் யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ எடுத்த பட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி மூன்று ஆண்டு படிக்கத் தேவையில்லை.

இடங்கள் குறைவு என்பதை மறைக்கக் கூடாது. ஒரு பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஒற்றை இலக்க எண்ணிக்கையில்தான் பெரும்பாலும் இருக்கும். ஆகவே ஒரே இடத்தை நம்பி இருக்க முடியாது. உதவித்தொகை இருக்கும் ஐந்து இடங்களை முதலில் பட்டியலிட்டு, அதில் தான் படிக்க விரும்பும் பாடம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் சரியான வரிசை. பிடித்த பல்கலைக்கழகத்தை முதலில் தேர்ந்துவிட்டுப் பிறகு உதவித்தொகை தேடுபவர்கள், கையில் சேர்க்கைக் கடிதம் இருந்தும் சேர முடியாமல் நிற்கிறார்கள்.

வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் (ஓப்பன் யூனிவர்சிட்டி) இடம்பெயர்ந்தோருக்கான உதவித்தொகை இருக்கிறது. எப்போது எந்த ஊருக்கு மாற்றுவார்கள் என்று தெரியாத ஒருவருக்கு இது மிகவும் பொருந்தும். அதன் "ஓப்பன்லேர்ன்" தளத்தில் நூற்றுக்கணக்கான இலவசப் படிப்புகள் இருக்கும். பட்டம் தராது. ஆனால் "இந்தப் பாடத்தில் எனக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது" என்று விண்ணப்பத்தில் எழுதுவதற்குக் கையில் ஒரு சான்று இருக்கும்.

சேருவதற்கு முன்னால்: ஆங்கிலமும் சான்றிதழும்

பெரும்பாலான படிப்புகள் ஐஎல்ட்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் 6 முதல் 7 வரை கேட்கும். தேர்வுக்குச் சுமார் 200 பவுண்ட்ஸ், அதாவது நான்கு வார உதவிப் பணம் மொத்தமும். அதைக் கட்டுவதற்கு முன் மூன்று வேலை செய்யுங்கள். பல்கலைக்கழகத்துக்கு எழுதி வேறு எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று கேளுங்கள். பள்ளியில் 16 வயதையொட்டி எழுதும் ஜிசிஎஸ்இ தேர்வின் ஆங்கிலத்தையோ தங்கள் சொந்தத் தேர்வையோ ஏற்கும் இடங்கள் உண்டு. அடுத்து, விசாவுக்கான தனி வகை ஐஎல்ட்ஸ் தேவையில்லை என்பதை நினைவில் வையுங்கள். தஞ்சம் கோருபவர் மாணவர் விசா கேட்கவில்லை. கடைசியாக, தேர்வு மையத்திடம் அடையாள அட்டை பற்றிக் கேளுங்கள். பாஸ்போர்ட் ஹோம் ஆபிஸிடம் இருக்கும், கையில் இருப்பது தஞ்சம் கோருபவருக்கு ஹோம் ஆபிஸ் தரும் ஏஆர்சி அடையாள அட்டை மட்டும். அதை ஏற்பார்களா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். தேர்வு நாளன்று வாசலில் திருப்பி அனுப்பப்பட்டால் கட்டிய பணம் திரும்பி வராது. தேர்வுக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் சிறு தொகை தரும் அறக்கட்டளைகள் இருக்கின்றன. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு உதவும் ரூத் ஹேமன் அறக்கட்டளை அவற்றில் ஒன்று.

ஆங்கிலமும் முன்தகுதியும் போதாதவர்களுக்கு உள்ளூர்க் கல்லூரி இருக்கிறது. 19 வயதுக்கு மேற்பட்ட தஞ்சம் கோருபவர், கோரிக்கை கொடுத்து 6 மாதம் முடிவில்லாமல் இங்கே வாழ்ந்திருந்தால், அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரிப் படிப்புகளுக்குப் பொதுவாகத் தகுதி பெறுகிறார். சில பகுதிகளில் இந்த 6 மாதத்தையும் கேட்பதில்லை. பள்ளி இறுதிச் சான்று இல்லாத பெரியவர்கள் பல்கலைக்கழகம் போக எடுக்கும் ஓராண்டுப் படிப்புக்கு "ஆக்சஸ் டு எச்இ டிப்ளோமா" என்று பெயர். மொத்தம் 60 கிரெடிட் (முடித்த படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு), அதில் 45-க்கு மதிப்பெண் தரம் உண்டு. இதற்கு மற்றவர்கள் வாங்கும் கடன் தஞ்சம் கோருபவருக்குக் கிடையாது. கல்லூரி தன் நிதியிலிருந்து தருமா என்று சேருவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள்.

இலங்கையின் உயர்தரப் பெறுபேறுகளைப் பல பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே மதிப்பிடுகின்றன. வெளிநாட்டுச் சான்றிதழை ஒப்பிட்டுச் சொல்லும் "யூகே எனிக்" அறிக்கைக்கு, கேட்காமலே பணம் கட்ட வேண்டாம். சான்றிதழே கையில் இல்லாதவருக்கும் வழி இருக்கிறது. அகதிகளிடம் ஆவணம் இல்லாதபோதும் தகுதியை நியாயமாக மதிப்பிட வேண்டும் என்று 1997-ன் லிஸ்பன் ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு சொல்கிறது. பிரித்தானியா அதில் ஓர் உறுப்பு நாடு. நேர்முகம், எழுத்துத் தேர்வு, பாடத்திட்ட விவரம் ஆகியவற்றை வைத்து முடிவெடுக்கும்படி சேர்க்கை அலுவலகத்தைக் கேட்கலாம்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. சான்றிதழ் பெறுவதற்காக ஊரிலுள்ள அரசு அலுவலகத்துக்கோ தூதரகத்துக்கோ மாணவருக்குத் தெரியாமல் யாரும் கடிதம் எழுதக் கூடாது. அவர் அந்த அரசுக்குப் பயந்து வந்திருக்கலாம். ஊரில் இருக்கும் பெற்றோர் வீட்டுக்கு ஆள் தேடி வரலாம். தானே தூதரகத்தை அணுகினால், "பயம் இருப்பவர் ஏன் போனார்?" என்ற கேள்வி கேஸிலும் எழலாம். பல்கலைக்கழக ஊழியர்கள் வழக்கமான சரிபார்ப்பு என்று நினைத்து இதைச் செய்துவிடுகிறார்கள். முதலில் மாணவரிடமும், அவர் வழியாக லோயரிடமும் கேட்க வேண்டும்.

விண்ணப்பமும் நாட்காட்டியும்

இளநிலைக்கு, பல்கலைக்கழக விண்ணப்பங்களைப் பொதுவாகக் கையாளும் யூகாஸ் அமைப்பின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஐந்து தெரிவுகள் கொடுக்கலாம், கட்டணம் சுமார் 29 பவுண்ட்ஸ். பள்ளியில் இலவச மதிய உணவு பெற்ற பிள்ளைகளுக்கு இந்தக் கட்டணமும் இல்லை. ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் ஆகியவற்றுக்கு அக்டோபர் 15 கடைசி. மற்றவற்றுக்கு ஜனவரி நடுப்பகுதி, 2026 சேர்க்கைக்கு அது ஜனவரி 14. படிவத்தில் அகதியா, தஞ்சம் கோருபவரா என்று கேட்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பயந்து விட்டுவிடாமல் பதிலளியுங்கள். உதவி தேவைப்படுபவர் யார் என்று பல்கலைக்கழகம் தெரிந்துகொள்வதற்காகத்தான் அதைக் கேட்கிறார்கள்.

உதவித்தொகைக்கு வேறு படிவம், வேறு தேதி. பல இடங்களில் மார்ச்சுக்கும் ஜூனுக்கும் இடையே முடிந்துவிடும். சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று பல பல்கலைக்கழகங்கள் சொல்வதால், ஜனவரியைத் தவறவிட்டவர் உதவித்தொகையையும் தவறவிடுகிறார். ஆகஸ்ட் மாதம் மிச்ச இடங்களுக்கு நடக்கும் சேர்க்கையில் இடம் கிடைக்கலாம், பணம் கிடைப்பது அரிது. செப்டம்பரில் சேர வேண்டும் என்றால் முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே வேலையைத் தொடங்க வேண்டும்.

யூகாஸ் தன்விவரக் கட்டுரை 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஏன் இந்தப் பாடம், இதுவரை படித்தது எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. நம்மவர்கள் இதில் செய்யும் பொதுத் தவறு, பட்ட துயரத்தையெல்லாம் இங்கே எழுதிவிடுவது. தேர்வு செய்பவர் தேடுவது பாடத்தின் மேல் உள்ள பிடிப்பை. "போரினால் என் படிப்பு நின்றது, எனக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள்" என்பதைவிட, "பார்மசியில் இரண்டு வருடம் வேலை செய்தபோது, ஒரே மருந்துக்கு மூன்று பெயர் இருப்பதால் வயதானவர்கள் இரண்டு மடங்கு மாத்திரை விழுங்குவதைப் பார்த்தேன். அதைத் தடுப்பது எப்படி என்பதையே படிக்க விரும்புகிறேன்" என்பது பலமானது. படிப்பில் விழுந்த இடைவெளியை மூன்றாவது பதிலில் இரண்டு வரியில் சொன்னால் போதும். நிலைமையை விரிவாகச் சொல்ல உதவித்தொகைப் படிவம் இருக்கிறது.

தேதிகளில் கவனம் வேண்டும். எந்தப் பள்ளியில் எந்த ஆண்டு வரை படித்தார், எப்போது வேலை செய்தார் என்று அசைலம் நேர்காணலில் சொன்னதும் இங்கே எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். முரண்பாடு ஒரு நாள் கேஸில் எழுந்தால், படிக்க எடுத்த முயற்சியே நம்பகத்தன்மையைக் குலைக்கும். நேர்காணல் பதிவின் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

இடம் கிடைத்த பிறகு: பணம் கொடுத்தும் கெடுக்கலாம்

பல்கலைக்கழகங்களும் கொடையாளர்களும் அதிகம் தவறு செய்வது இங்கேதான். ஒரு பல்கலைக்கழகம் மனமுவந்து ஆண்டுக்கு ஐயாயிரம் பவுண்ட்ஸ் செலவுப் பணம் அறிவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாணவர் அதை ஹோம் ஆபிஸிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். பிரிவு 95 உதவி வறியவர்களுக்கானது. கைக்கு வரும் பணத்தை வருமானமாகக் கணக்கிட்டு அந்த உதவியைக் குறைக்கலாம், நிறுத்தலாம். நிறுத்தினால் தங்கும் இடமும் போகலாம். ஐயாயிரத்தை வைத்து எந்த நகரத்திலும் ஆண்டு முழுக்க வாடகை கட்ட முடியாது. உதவி வாங்கியதாலேயே வீடிழந்து நிற்கும் நிலை வந்துவிடும்.

ஆகவே அனுபவமுள்ள பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் பொருளாகத் தருகின்றன. பஸ் பாஸ், மடிக்கணினி, கேன்டீன் அட்டையில் ஏற்றிய தொகை, புத்தகம், மொபைல் டேட்டா. தஞ்சம் கோருபவருக்குப் பொதுவாக வங்கிக் கணக்கும் இருக்காது. உதவிப் பணத்தை ஏற்றி ஹோம் ஆபிஸ் தரும் ஆஸ்பென் அட்டையில் வெளியாட்கள் பணம் போட முடியாது. "வங்கி விவரத்தை அனுப்புங்கள்" என்று நிதி அலுவலகம் திரும்பத் திரும்ப மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க, முதல் பருவம் முடிந்துவிடும். சேருவதற்கு முன்பே இதைத் தீர்த்து வைக்க வேண்டும். எதைத் தருவதாக இருந்தாலும், தருவதற்கு முன் அசைலம் உதவி விதிகள் தெரிந்த ஆலோசகரிடம் ஒரு தடவை கேளுங்கள்.

இருப்பதிலேயே மலிவாகத் தோன்றி அதிகம் உதவுவது பஸ் பாஸ்தான். லண்டனுக்கு வெளியே ஒரு வழிக் கட்டணம் 3 பவுண்ட்ஸ் என்றால், வாரம் நான்கு நாள் போய்வர 24 பவுண்ட்ஸ். 49.18-ல் பாதி அங்கேயே போய்விடும். முழு உதவித்தொகை இருந்தும் வகுப்புக்கு வராமல் நின்றுபோனவர் என்று கேள்விப்பட்டால், முதலில் பயணச் செலவைப் பற்றி விசாரியுங்கள்.

வளாகத்தில் இலவச அறை தருவதும் யோசித்துச் செய்ய வேண்டியது. ஹோம் ஆபிஸ் கொடுத்த இடத்தில், அனுமதியில்லாமல் தொடர்ந்து 7 நாளுக்கு மேல், அல்லது 6 மாதத்தில் மொத்தம் 14 நாளுக்கு மேல் இல்லாவிட்டால் உதவியை நிறுத்தலாம் என்று விதி இருக்கிறது. படிப்பு முடியும்வரை, கோடை விடுமுறையும் உட்பட, அறை உறுதி என்றால்தான் மாற வேண்டும். பருவத்துக்கு மட்டும் அறை கொடுத்து, ஜூனில் காலி செய்யச் சொன்னால் திரும்பிப் போக இடம் இருக்காது.

நேர் எதிரான ஆபத்தும் உண்டு. நடுப் பருவத்தில் திடீரென்று வேறு ஊருக்கு மாற்றல் வரும். எங்கே தங்குவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தஞ்சம் கோருபவருக்கு இல்லை. சேர்ந்த வாரமே பல்கலைக்கழகத்திடமிருந்து ஒரு கடிதம் வாங்கி வையுங்கள்: இன்ன படிப்பு, இன்ன தேதி வரை, வாரம் இத்தனை நாள் நேரில் வர வேண்டும், இந்த ஊரிலிருந்து மாற்றினால் படிப்பு நின்றுவிடும் என்று. அதை, தஞ்சம் கோருவோருக்கு உதவும் மைக்ரண்ட் ஹெல்ப் தொண்டு அமைப்பு வழியாகவும் லோயர் வழியாகவும் அனுப்ப வேண்டும். மாற்றம் நிற்கும் என்ற உத்தரவாதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் வாதாடவே ஒன்றும் இருக்காது. சைன் வைக்கும் நாளும் தேர்வு நாளும் ஒன்றாக வந்தால் அதற்கும் இதே முறைதான். தேர்வு அட்டவணையை இணைத்து முன்கூட்டியே தேதி மாற்றக் கேட்க வேண்டும். போகாமல் விட்டுவிட்டுப் பிறகு காரணம் சொல்வது ஆபத்து.

பல்கலைக்கழகத்துக்கு இன்னும் இரண்டு வேண்டுகோள். மாணவருக்கு எல்லாவற்றுக்கும் பெயர் தெரிந்த ஒரே ஊழியர் இருக்க வேண்டும். கட்டணப் பிரிவு, விடுதிப் பிரிவு, நூலகம் என்று ஒவ்வொரு இடத்திலும் தன் கதையைச் சொல்ல வைக்கக் கூடாது. உதவித்தொகை பெற்றவரின் படத்தைச் செய்தியில் போடுவதும் வேண்டாம். அவர் சம்மதித்தாலும், மறுத்தால் உதவி போய்விடுமோ என்ற பயத்தில் சம்மதித்திருக்கலாம். ஊரில் அவருக்குக் குடும்பம் இருக்கிறது.

பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே நேரடிப் பயிற்சி கட்டாயமா என்று பார்க்க வேண்டும். தாதியர், சமூகப் பணி, ஆசிரியப் பயிற்சி போன்றவற்றில் வேலையிடப் பயிற்சி உண்டு. அது வேலைத் தடையோடு மோதலாம். பல்கலைக்கழகத்திடமும் லோயரிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நடுவில் முடிவு வந்தால்

மூன்றாண்டுப் படிப்புக்குள் கேஸ் முடிவாவது இயல்பு. அகதி நிலை கிடைத்தால் மாணவர் கடனுக்குத் தகுதி வந்துவிடும். கல்வியாண்டின் முதல் மூன்று மாதத்துக்குள் நிலை கிடைத்தால் அந்த ஆண்டின் கட்டணக் கடனையே கேட்கலாம், பிந்தினால் அடுத்த ஆண்டிலிருந்து. அதனால் கடிதம் வந்த அதே வாரம் பல்கலைக்கழகத்துக்கும் மாணவர் நிதி அலுவலகத்துக்கும் தெரிவியுங்கள். உதவித்தொகை அந்த ஆண்டு முடியும்வரை தொடருமா, உடனே நிற்குமா என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டு வைத்திருக்க வேண்டும்.

நல்ல செய்தியோடு ஒரு நெருக்கடியும் வரும். நிலை கிடைத்தவர் ஹோம் ஆபிஸ் இடத்தைக் காலி செய்ய வழக்கமான அவகாசம் 28 நாள். 2024 டிசம்பரில் 56 நாளாக நீட்டிப் பார்த்துவிட்டு, குடும்பமில்லாமல் தனியாக இருக்கும், 18 வயது தாண்டியவர்களில் பெரும்பாலானோருக்கு மறுபடி குறைத்தார்கள். தேர்வுக் காலத்தில் வந்தால், படிப்பதை விட்டுவிட்டு வீடு தேடி அலைய வேண்டியிருக்கும். பல்கலைக்கழகத்தின் அவசர நிதியும் விடுதி அறையும் உண்மையில் தேவைப்படுவது இந்த நான்கு வாரத்தில்தான். இப்போது வளாக அறை தருவதால் அவர் எதையும் இழக்கப் போவதில்லை.

கோரிக்கை மறுக்கப்பட்டால் உடனே படிப்பு முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மேல்முறையீடு நடக்கும்வரை பெரும்பாலும் தொடரலாம். புதிய பெயில் தாள் வந்தால் அதில் படிப்பு நிபந்தனை மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நிறுத்தியே ஆக வேண்டிய நிலை வந்தாலும் வெறுங்கையோடு வெளியேறாதீர்கள். முழுநேர இளநிலையில் ஓராண்டு என்பது 120 கிரெடிட். அதை முடித்தவருக்கு உயர்கல்விச் சான்றிதழும், 240 முடித்தவருக்கு உயர்கல்வி டிப்ளோமாவும் வழங்கப் பல்கலைக்கழகங்களில் விதி இருக்கும். ஆண்டு நடுவில் நின்றாலும் முடித்த பாடங்களின் கிரெடிட் பட்டியலை முத்திரையோடு கேட்டு வாங்குங்கள். வேறொரு பல்கலைக்கழகத்தில், அல்லது வேறொரு நாட்டில், விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு அந்தத் தாளைத்தான் கேட்பார்கள்.